இல்லத்தில் ஒலிக்கும் ஆமென்

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், குருத்து ஞாயிறு. குமரி மாவட்டத்தில் அந்த ஞாயிறு வழக்கமாக எப்படி விடியும் என்பதை இம்மண்ணில் பிறந்தவர்கள் அறிவார்கள். ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை நீளும் கடற்கரையிலும், தென்னையும் ரப்பரும் சூழ்ந்த உள்நாட்டு ஊர்களிலும் ஆலய மணிகள் அதிகாலையிலேயே ஒலிக்கும். குருசடியின் முன் ஊரார் கூடுவார்கள். குருவானவர் ஓலைகளை மந்திரித்ததும் ஓசன்னா முழக்கத்தோடு பவனி ஆலயம் நோக்கிப் புறப்படும். அவ்வாண்டு பவனி எழவில்லை. மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடப்பில் இருந்தது. 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்புப்படி நூற்றுக்கு ஏறத்தாழ 47 பேர் கிறிஸ்தவர்களாக உள்ள மாவட்டம் இது. இங்கே புனித வாரத்தில் ஆலயக் கதவுகள் அடைபட்டுக் கிடந்தன.

உள்ளே, வெறுமையான ஆலயத்தில் குருவானவர் பீடத்தருகே நின்றார். எதிரே ஒரு கைப்பேசி நிறுத்தப்பட்டிருந்தது. அதன் வழியே திருப்பலி வீடுகளுக்குச் சென்றது. வீட்டில் சிலர் முழந்தாளிட்டனர். சிலர் நாற்காலியில் சாய்ந்திருந்தனர். சிலர் இடையிடையே எழுந்து அடுக்களைக்குச் சென்று வந்தனர். ஏப்ரல் 12இல் உயிர்ப்புப் பெருவிழாவும் அவ்வாறே கடந்தது. அன்று எழுந்த ஒரு வினா இன்றும் ஓயவில்லை. அந்நாள்களில் நாம் திருப்பலியைக் கண்டோமா, அல்லது திருப்பலியில் பங்கேற்றோமா?

இவ்வினாவைக் கருவிகளைக் கொண்டு மட்டும் ஆராய்ந்தால் விடை கிடைக்காது. பீடத்திலிருந்து விலகி வாழ நேர்ந்த காலங்களில் இறைமக்கள் எவ்வாறு வழிபட்டனர் என்பதை வரலாற்றில் தேடிப் பார்க்க வேண்டும். அந்த வரலாறு நம் கடற்கரையிலேயே தொடங்குகிறது.

சவேரியார் விட்டுச் சென்ற வீடுகள்

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542ஆம் ஆண்டு மே மாதம் கோவாவை அடைந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் அவருக்கு எளிதில் வசப்படவில்லை. இருமொழியும் அறிந்தவர்களைக் கூட்டி வைத்து, பல நாள் முயன்று, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, கட்டளைகள், கிறிஸ்து கற்பித்த செபம் முதலியவற்றைத் தமிழாக்கினார். பின்னர் மணியடித்துச் சிறுவர்களையும் பெரியோரையும் அழைத்து அவற்றை மனப்பாடம் செய்வித்தார். சிறுவர்கள் தாம் கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அயலாருக்கும் கற்பிக்க வேண்டும் என்பது அவர் இட்ட ஏற்பாடு.

1544ஆம் ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து உரோமைத் தோழர்களுக்கு அவர் எழுதிய மடலில் நமக்கு இன்று மிகவும் வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நோயாளிகளுக்காகச் செபிக்க வருமாறு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. ஒருவராக அத்தனை வீடுகளுக்கும் செல்ல அவரால் இயலவில்லை. செல்லாமல் விட்டால் மக்கள் மனம் நோவர். எனவே செபங்களை அறிந்த சிறுவர்களை அவ்வீடுகளுக்கு அனுப்பினார். அவர்கள் அங்கே சென்று வீட்டாரையும் அண்டை அயலாரையும் கூட்டுவர். எல்லாரும் சேர்ந்து விசுவாச அறிக்கையைப் பலமுறை சொல்லுவர். நோயாளிக்கு நம்பிக்கை ஊட்டுவர். குரு வர இயலாத வீட்டில் இறைவேண்டல் நின்றுபோகாமல் இருக்கத் திருத்தூதர் கண்ட வழி இது.

1544ஆம் ஆண்டின் இறுதியில் அவர் திருவிதாங்கூர்க் கரைக்கு, அதாவது இன்றைய குமரி மாவட்டக் கடற்கரைக்கு வந்தார். ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் திருமுழுக்களித்ததாக 1545 சனவரியில் எழுதினார். இந்த எண்ணிக்கையை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அதன் மறுபக்கத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு மாதம் முடிந்ததும் அந்தக் குரு புறப்பட்டுச் சென்றார். திருமுழுக்குப் பெற்ற ஆயிரக்கணக்கானோர் அங்கேயே இருந்தனர். அவர்கள் நடுவே நாள்தோறும் பலி நிறைவேற்ற யார் இருந்தார்?

அதற்கும் அம்மடலிலேயே விடை உண்டு. ஒவ்வோர் ஊரிலும் செபங்களை எழுத்தில் கொடுத்துவிட்டு வந்தார். எழுதத் தெரிந்தவர்கள் அவற்றைப் படியெடுத்து மனப்பாடம் செய்ய வேண்டும். நாள்தோறும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அனைவரும் ஓரிடத்தில் கூடிச் சொல்ல வேண்டும். இதைக் கவனிக்க ஊருக்கு ஒருவரைப் பொறுப்பாக்கினார். பிற்காலத்தில் கணக்கப்பிள்ளை என்றும் உபதேசியார் என்றும் நாம் அழைத்த பணியாளர்களின் தொடக்கம் இத்தகைய ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

ஆகவே நம் முன்னோரின் விசுவாச வாழ்வு தொடக்கத்திலேயே இரண்டு தூண்களின்மீது நின்றது. ஒன்று, குரு வரும்போது கிடைத்த பலியும் அருட்சாதனங்களும். மற்றொன்று, குரு இல்லாத நாள்களில் வீட்டிலும் ஊரிலும் வாய்விட்டுச் சொல்லப்பட்ட செபம். முதலாவது எப்போதாவது கிடைத்தது. இரண்டாவது நாள்தோறும் நடந்தது.

அச்சும் ஓர் ஊடகமே

எழுத்தில் தரப்பட்ட அந்தச் செபங்கள் விரைவில் அச்சேறின. என்றிக்கே என்றீக்கசு அடிகளார் உருவாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகி வெளிவந்தது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாக அதை அறிஞர்கள் போற்றுகின்றனர். 16 பக்கங்களே கொண்ட அச்சிறு நூல் ஒரு செப, மறைக்கல்வி நூல். அடுத்த ஆண்டே கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' அச்சாயிற்று. 1930ஆம் ஆண்டு கோட்டாறு தனி மறைமாவட்டமாகும்வரை நம் பகுதி கொல்லம் மறைமாவட்டத்தோடு இணைந்திருந்தது என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும்.

அன்று அச்சு ஒரு புதுமை. ஓலைக்குப் பழகிய கைகளுக்குத் தாளும் மையும் அந்நியமாகவே இருந்திருக்கும். ஆனால் திருச்சபை அப்புதுமையை விலக்கவில்லை. செபத்தை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் ஊர்தியாக்கிக்கொண்டது. அதே வேளையில், அச்சிட்ட நூலை வீட்டில் வைத்திருப்பதே செபம் ஆகிவிடும் என்று யாரும் எண்ணவில்லை. நூலை விரித்து ஒருவர் முன்சொல்ல மற்றவர் பின்சொன்னபோதுதான் அது செபமாயிற்று. ஊடகம் எதுவாயினும் இந்த விதி மாறுவதில்லை.

குருக்கள் அருகிப்போன காலங்களில் இந்த வீட்டுச் செபமே விசுவாசத்தைக் காத்தது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர், குருக்களை வெளியேற்றினர். 1687ஆம் ஆண்டு புனித யோசேப் வாஸ் தூத்துக்குடி வழியாகக் கடல் கடந்து, ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்கே ஏறத்தாழ 30 ஆண்டுகள் குரு இல்லாமலே விசுவாசம் காத்த தமிழ்க் குடும்பங்களைக் கண்டார். இரவு வேளையில் வீடுகளில் மறைவாகக் கூடி அவர்கள் பலியில் பங்கேற்றனர். சில்லாலை என்னும் சிற்றூர் அவருக்கு அடைக்கலமாயிற்று. சப்பானில் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. 1865 மார்ச் 17ஆம் நாள் நாகசாக்கியின் ஊரா ஆலயத்தில் பெத்தித்சான் அடிகளாரை அணுகித் தங்களை வெளிப்படுத்திக்கொண்ட மறைந்துவாழ் கிறிஸ்தவர்கள், 200 ஆண்டுகளுக்கு மேலாகக் குருவின் முகத்தையே காணாதவர்கள். திருமுழுக்கும் செபமும் வீட்டு வழியாகவே தலைமுறை கடந்திருந்தன.

நம் கரையிலும் அத்தகைய வறட்சி நேர்ந்தது. போர்த்துக்கேய அரசு 1759இல் இயேசு சபையாரை வெளியேற்றியது. 1773இல் அச்சபையே கலைக்கப்பட்டது. 1814இல்தான் அது மீண்டும் உயிர்பெற்றது. இடைப்பட்ட காலத்தில் தென்கரைப் பணித்தளங்களில் குருக்கள் மிகவும் அருகினர். ஆயினும் அந்திவேளையில் விளக்கேற்றிச் செபமாலை சொல்வதும், செபம் முடிந்ததும் இளையோர் மூத்தோருக்குத் தோத்திரம் சொல்வதும் நம் வீடுகளில் நிலைத்த வழக்கமாயின.

நட்டாலத்தில் பிறந்து 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற புனித தேவசகாயம் பிள்ளை ஒரு பொதுநிலையினர். 1749 முதல் 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்படும்வரை சிறையும் விலங்கும் அவர் பங்காயின. கிறிஸ்தவராக அவர் வாழ்ந்த காலத்தில் ஏறத்தாழப் பாதி, ஆலயத்துக்குத் தாமாக நடந்து செல்ல இயலாத காலம். அவர் செபவாழ்வு அதனால் குன்றவில்லை என்பதே கோட்டாற்றுப் பேராலயத்தில் உள்ள அவர் கல்லறை நமக்குச் சொல்லும் செய்தி.

சாளரத்திலிருந்து வந்த விடை

பீடம் கண்ணுக்குத் தெரிந்தும் காலுக்கு எட்டாத நிலை 2020இல்தான் முதன்முறை நேர்ந்தது என்று கருத வேண்டாம். 1576ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. மக்கள் வீட்டை விட்டு வெளியேறக்கூடாது என ஆணை பிறந்தது. அந்நகரின் பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ, ஆலயத்துக்கு வர இயலாத மக்களின் கண்ணெதிரே பீடத்தைக் கொண்டுசென்றார். தெருச் சந்திகளில் பீடங்கள் அமைக்கப்பட்டன. மக்கள் தத்தம் வீட்டுச் சாளரங்களில் நின்று திருப்பலியில் கலந்துகொண்டனர். நாளில் ஏழுமுறை மணி ஒலித்தது. ஒவ்வொரு முறையும் தெருவில் நின்ற குருக்கள் மன்றாட்டைத் தொடங்க, இருபுறத்துச் சாளரங்களிலிருந்தும் வாயில்களிலிருந்தும் மக்கள் பதில் சொன்னார்கள். நோய் தணிந்த பின்னும் அச்சந்திகளில் சிலுவைத் தூண்கள் நிலைத்து நின்றன.

முச்சந்திதோறும் குருசடி கண்டு வளர்ந்த நமக்கு அக்காட்சியை மனத்தில் வரைந்து பார்ப்பது கடினமன்று. ஆனால் அதில் நாம் கருத்தூன்ற வேண்டியது மக்களின் பதில்மொழியை. அவர்கள் சாளரத்தில் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. குரு தொடங்கியதை அவர்கள் முடித்தார்கள். தெரு முழுவதும் ஓர் ஆலயமாயிற்று.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் 1252ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு இரவு. அசிசி நகரின் புனித கிளாரா நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். உடன் சகோதரிகள் செபிக்கச் சென்றுவிட்டனர். தனித்திருந்த அவருக்கு, தொலைவிலிருந்த புனித பிரான்சிஸ் ஆலயத்தில் நடந்த வழிபாட்டைப் படுத்த இடத்திலிருந்தே காணவும் கேட்கவும் இறைவன் அருளினார் என்பது அவர் வரலாறு. இதனைக் கருதியே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், 1958இல் வெளியான மடல் வழியாக அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். கிளாரா இயன்றபோதெல்லாம் சகோதரிகளோடு கூடிச் செபித்தவர், இயலாதபோதும் ஏங்கியவர். ஏங்கிய உள்ளத்துக்கே அக்காட்சி கொடையாகக் கிடைத்தது.

வானலையும் திருச்சபையின் மனமும்

இருபதாம் நூற்றாண்டில் வானலைகள் வந்தன. 1931 பெப்ருவரி 12ஆம் நாள் மார்க்கோனியின் துணையோடு அமைந்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் தொடங்கிவைத்தார். 1948இல் கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலி பாரிசு நோத்ருதாம் பேராலயத்திலிருந்து தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. 1969இல் மணிலாவில் தொடங்கிய வேரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பைச் சிற்றலையில் தேடிப் பிடித்துக் கேட்ட குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். முள்ளைச் சற்றே திருப்பினால் குரல் மறையும். மீண்டும் திருப்பிக் காத்திருந்தால் வரும். அந்த உழைப்பே கேட்பவரின் கவனத்தைக் கூர்மையாக்கியது. 2018இல் அச்சிற்றலை ஒலிபரப்பு நின்று, பணி இணையத்துக்கு மாறியது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் இரண்டு எண்களை நாம் சேர்த்துப் படிக்க வேண்டும். 14ஆம் எண், இறைமக்கள் திருவழிபாட்டில் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்முறையிலும் பங்கேற்க வேண்டும் என்கிறது. 20ஆம் எண், வானொலி, தொலைக்காட்சி வழிபாடுகள் மாண்போடும் முன்மதியோடும், ஆயர்கள் அமர்த்தும் தகுந்த ஒருவரின் பொறுப்பிலும் நிகழ வேண்டும் என்கிறது. ஒளிபரப்பைச் சங்கம் மறுக்கவில்லை. ஆனால் பங்கேற்பு என்பதற்கு அது தந்த உயர்ந்த பொருளை ஒளிபரப்புக்காகத் தாழ்த்தவும் இல்லை.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் ஓர் அரிய வழியைக் காட்டுகிறது. குரு இல்லாமையாலோ வேறு கடுமையான காரணத்தாலோ ஞாயிறு திருப்பலியில் பங்கேற்க இயலாதபோது, இறைவார்த்தை வழிபாட்டில் கலந்துகொள்ளுமாறும், தனியாகவோ குடும்பமாகவோ பல குடும்பங்கள் கூடியோ தகுந்த நேரம் செபத்தில் செலவிடுமாறும் 1248ஆம் விதி பரிந்துரைக்கிறது. அங்கே திரையைப் பற்றிய பேச்சே இல்லை. சவேரியார் இக்கரையில் செய்த ஏற்பாட்டைத்தான் சட்டம் தன் மொழியில் கூறுகிறது என்று தோன்றுகிறது.

இணையம் பரவியபின் 2002ஆம் ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட ஏடு, இணையவெளித் தோற்றம் நற்கருணையில் உள்ள உண்மைப் பிரசன்னத்துக்கு ஈடாகாது என்றும், இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்றும் தெளிவாக்கியது. 2007இல் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் நற்கருணை பற்றிய தம் ஊக்கவுரையில், நோயாளரும் முதியோரும் ஒளிபரப்புத் திருப்பலி வழியாகப் பயன் பெறுவதைப் பாராட்டினார். ஆயினும் ஆலயம் செல்ல இயன்றவர்களுக்கு அது ஞாயிறு கடமையை நிறைவேற்றாது என்றும், படம் உண்மையைக் காட்டுமேயன்றி உண்மையாகவே ஆகிவிடாது என்றும் விளக்கினார்.

இவ்வளவும் முன்பே சொல்லப்பட்டிருந்தன. 2020இல் அவை சோதனைக்கு உள்ளாயின.

மூடிய கதவின் இருபுறமும்

அவ்வாண்டு மார்ச் 25இல் வத்திக்கான் திருவழிபாட்டுப் பேராயம் புனித வாரத்துக்கான ஆணையை வெளியிட்டது. வழிபாடு தொடங்கும் நேரத்தை மக்களுக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் அதே நேரத்தில் வீட்டிலிருந்து செபத்தில் ஒன்றிக்க வேண்டும். ஒளிபரப்பு துணையாகுமாயின் அது பதிவாக இல்லாமல் நேரலையாக இருக்க வேண்டும் என்று அது கூறியது. மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த ஆளற்ற புனித பேதுரு வளாகத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனித்து நின்று செபித்ததை உலகம் கண்டது. அவர் தம் இல்லச் சிற்றாலயத்தில் நிறைவேற்றிய காலைத் திருப்பலியும் அந்நாள்களில் நாள்தோறும் ஒளிபரப்பாயிற்று. ஆனால் ஏப்ரல் 17ஆம் நாள் மறையுரையில் அவரே எச்சரித்தார்: மக்களும் அருட்சாதனங்களும் இல்லாமல் திரைவழியாக மட்டும் வாழும் திருச்சபை, இக்கட்டான வேளையின் நிலைமையேயன்றித் திருச்சபையின் இயல்பு ஆகாது என்பது அவர் கருத்து.

நேரலை ஏன் வேண்டும் என்பதைச் சிந்திப்போம். பதிவுசெய்த திருப்பலியை நாம் விரும்பும் வேளையில் காணலாம், இடையில் நிறுத்தலாம், மறையுரை நீண்டால் தள்ளிவிடலாம். அங்கே நேரத்தின் தலைவர் நாமே. நேரலையில் அப்படியன்று. சவேரியாரின் மணியும் மிலான் நகரின் மணியும் மக்களைத் தேடி அழைத்தன. மக்கள் தம் வேலையை நிறுத்திவிட்டு வந்தார்கள். தன் நேரத்தை இறைவனுக்கு விட்டுக்கொடுப்பதே வழிபாட்டின் முதல் காணிக்கை. பங்கில் திருப்பலி ஏழு மணிக்கு என்றால், வீட்டிலும் ஏழு மணிக்கு முன்பே குளித்து, உடைமாற்றி, விளக்கேற்றி, திருவிவிலியத்தை விரித்து வைத்துக் காத்திருப்பது அக்காணிக்கையின் அடையாளம்.

அடுத்தது குரல். வீட்டுத் திருப்பலியின் பெரிய குறை ஒலி குறைவதோ படம் உறைந்து நிற்பதோ அன்று, வீடு ஊமையாகிவிடுவதே. குரு வாழ்த்தும்போது யாரும் மறுவாழ்த்துக் கூறுவதில்லை. பாடல் ஒலிக்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை. திரையே எல்லாருக்காகவும் பதில் சொல்லிவிடுகிறது. வாசகங்களைக் கைப்பேசியின் ஒலியை அடக்கிவிட்டு வீட்டுப் பிள்ளையொருவர் வாசிக்கலாம் என்று அந்நாள்களில் சில குடும்பங்கள் கண்டுகொண்டன. விசுவாசிகளின் மன்றாட்டில் தம் தெருவில் நோயுற்றவரின் பெயரைச் சேர்த்துக்கொண்டன. இவை சிறிய செயல்கள்தாம். ஆனால் சாளரத்திலிருந்து வந்த அந்தப் பதில்மொழி இப்படித்தான் மீண்டும் உயிர்பெற்றது.

இங்கே ஒரு வேறுபாட்டையும் காண முடிந்தது. மாலைச் செபம் மறவாத வீடுகளில் திரைவழித் திருப்பலி இயல்பாக வேரூன்றியது. அன்பியக் கூட்டங்களில் வாய்விட்டு மன்றாடிப் பழகியவர்களுக்கு, வீட்டில் ஆமென் சொல்லக் கூச்சம் இல்லை. ஆனால் ஆலயத்தில் மட்டுமே செபம் என்று பழகிப்போன வீடுகளில் திரை ஒரு காட்சிப் பொருளாகவே நின்றது. குறை கருவியில் இல்லை. தொலைக்காட்சித் தொடர்களுக்காக அந்திச் செபத்தை நாம் எப்போதோ கைவிட்டிருந்தோம். நம் முன்னோர் நாள்தோறும் ஊன்றிநின்ற தூணை நாமே பெயர்த்துவிட்டு, ஒருநாள் கதவு அடைபட்டதும் வீடு ஏன் ஆலயமாகவில்லை என்று வியந்தோம்.

மூன்றாவது, பசி. நற்கருணை வாங்கும் நேரத்தில் வீட்டில் என்ன செய்வது என்று பலர் தடுமாறினர். 1551ஆம் ஆண்டிலேயே திரிதெந்தின் சங்கம், நற்கருணையை அருட்சாதன முறையில் உட்கொள்வதோடு, விசுவாசத்தாலும் ஆவலாலும் ஆன்மீக முறையில் உட்கொள்வதையும் எடுத்துரைத்தது. ஒவ்வொரு திருப்பலியிலும் நற்கருணைக்கு முன் நாம் சொல்லும் தாழ்ச்சி மொழி கப்பர்நாகும் நூற்றுவர் தலைவனுடையது. தன் கூரையின்கீழ் ஆண்டவர் வரத் தான் தகுதியற்றவன் என்றான் அவன். ஆண்டவர் நேரில் செல்லாமலே, சொல்லளவில், அவன் ஊழியனைக் குணமாக்கினார். தொலைவு அருளுக்குத் தடையன்று. எனினும் ஆன்மீக நற்கருணை என்பது ஏக்கத்தின் செபம். ஏங்குகிறவன் உணவைத் தேடிப் போவான். போக வழியிருந்தும் போகாதவன், தான் ஏங்குவதாகச் சொல்வதில் உண்மை இல்லை.

கதவு திறந்த பின்

தமிழ்நாட்டில் 2020 செப்டம்பர் 1 முதல் வழிபாட்டுத் தலங்கள் மக்களுக்குத் திறக்கப்பட்டன. அதற்குச் சற்று முன், ஆகஸ்டு 15 நாளிட்ட மடலில் திருவழிபாட்டுப் பேராயத் தலைவர் கர்தினால் சாரா, எந்த ஒளிபரப்பும் நேரடிப் பங்கேற்புக்கு நிகராகாது என்று கூறி, மகிழ்ச்சியோடு நற்கருணைக்குத் திரும்புமாறு அழைத்திருந்தார். 2021இல் நோயின் இரண்டாம் அலையின்போது கதவுகள் மீண்டும் அடைபட்டு மீண்டும் திறந்தன. இன்று தடை எதுவும் இல்லை. பெரும்பாலோர் திரும்பினர். வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று தங்கிவிட்டவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தார் உயிரைப் பணயம் வைத்துத் தேடியதை, நாம் தெருவைக் கடக்கச் சோம்பி இழக்கலாமா?

ஆனால் உண்மையிலேயே வர இயலாதவர்கள் நம்மிடையே எப்போதும் இருக்கிறார்கள். தூத்தூர் முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலிலேயே தங்குகிறார்கள். அவர்களுக்கு ஞாயிறும் அலைமேல்தான். பொதுவில் கிறிஸ்தவ ஆலயமே இல்லாத சவுதி அரேபியாவில் நம் இளைஞர்கள் உழைக்கிறார்கள். நவம்பர் 24 முதல் டிசம்பர் 3 வரை நடக்கும் கோட்டாற்றுத் திருவிழாவை அவர்கள் காண்பது கைப்பேசியில்தான். 2017ஆம் ஆண்டு அத்திருவிழா நாள்களுக்கு இடையே, நவம்பர் 30இல், ஒக்கி புயல் குமரிக் கடலைக் கலக்கியது. எந்தத் தொலைபேசியும் எட்டாத கடலில் படகுகள் தத்தளித்தன. கரையில் வீடுகளில் செபமாலை ஓயவில்லை. அந்த இரவுகளில் வீட்டையும் படகையும் இணைத்தது எந்த அலைவரிசை? திருச்சபையின் ஒன்றிப்பு கருவியால் பிறப்பதன்று என்பதை நம் கடற்கரை கண்ணீரோடு அறிந்திருக்கிறது.

இன்னொரு கூட்டமும் உண்டு. ஒவ்வொரு பங்கிலும், ஒவ்வொரு தெருவிலும் படுக்கையில் கிடக்கும் முதியவர்கள். 2022 மே 15ஆம் நாள் வத்திக்கானில் தேவசகாயம் பிள்ளை புனிதராக உயர்த்தப்பட்டதை அவர்கள் படுக்கையிலிருந்தே கண்டு கைகூப்பினார்கள். அவர்களுக்குத் திரை பெரும் கொடை. ஐயமில்லை. ஆனால் அந்தக் கொடையிலேயே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. 'அவர்தான் வீட்டிலேயே பூசை பார்க்கிறாரே' என்று சொல்லி, நாம் அவ்வீட்டு வாசலை மறந்துவிடுகிறோம். நற்கருணை கொண்டுசெல்ல வேண்டியவர் தாமதிக்கிறார். அன்பியத்தார் அவ்வழியே கடந்து செல்கிறார்கள். கைப்பேசி அருகில் இருக்கிறது, ஆள் இல்லை.

சவேரியார் எல்லா வீட்டுக்கும் தாமே செல்ல இயலாதபோது, தம் செபத்தை ஓர் ஓலையில் எழுதி நோயாளியின் தலைமாட்டில் வைத்துவிட்டு வரும்படி சொல்லியிருக்கலாம். அவர் ஓலையை அனுப்பவில்லை. ஒரு சிறுவனை அனுப்பினார். அவன் அயலாரைக் கூட்டினான். அந்த வீடு ஒன்றாய்ச் செபித்தது.

வரும் ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில், நம் தெருவில் திரைமுன் தனித்திருக்கும் ஒரு முதியவர் வீட்டுக்கு நம் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு செல்வோம். முன்னதாகவே சொல்லிவைத்து, நற்கருணை வழங்கும் பணியாளரும் உடன் வரட்டும். முடியாவிட்டால் அன்று மாலை நேரலைத் திருப்பலிக்கு அவர் அருகில் அமர்ந்து, அவரோடு சேர்ந்து பதில் சொல்வோம். அவருடைய தளர்ந்த குரலும் நம் பிள்ளையின் இளங்குரலும் இணைந்து ஆமென் சொல்லும்போது, 480 ஆண்டுகளுக்கு முன் இக்கரை வீடுகளில் தொடங்கிய அந்த வழிபாடு இன்னும் நிற்கவில்லை என்று நாம் துணிந்து சொல்லலாம்.